இன்டர்நெட் வேகம் 94-லேயே நிற்கிறது என்றால் கோளாறு ரவுட்டரில் அல்லது கேபிளில்

"300 எம்பிபிஎஸ் (Mbps, இன்டர்நெட் வேகத்தின் அளவு) பிளான் போட்டாலும் 94-ஐத் தாண்டாது, கம்பெனியை மாத்துங்க" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறான ஆலோசனை. ஸ்பீடு டெஸ்ட் எந்நேரமும் 93, 94-லேயே நின்றால், அது 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் (கேபிள் செருகும் துளை) உச்சவரம்பு. ரவுட்டர் பழைய மாடலாக இருக்கும். இல்லையென்றால் லேன் கேபிளில் 8 கம்பிக்குப் பதில் 4 மட்டும் முனையில் பொருத்தி (கிரிம்ப்) இருப்பார்கள். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும். லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து லிங்க் ஸ்பீடை (லேப்டாப்பின் நெட்வொர்க் செட்டிங்ஸில் காட்டும் இணைப்பு வேகம்) பாருங்கள். அங்கே 1000 காட்டினால், கம்பெனி லைன் வந்து சேரும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஓடும் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கேபிளின் ஆர்ஜே45 முனையை (நுனியில் உள்ள பிளாஸ்டிக் பிளக்) மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும். கம்பெனி லைன் நெரிசல் இப்படி ஒரே எண்ணில் நிற்காது. ராத்திரி 9 மணிக்கு மேல் 40, 150 என்று ஆடும்.

கம்பெனியை மாற்றியே தீருவேன் என்றால், ஃபைபர் வீட்டுக்குள் வருமா, அல்லது அபார்ட்மென்ட் கீழ்த்தளத்து நெட்வொர்க் ஸ்விட்ச் (பல வீடுகளுக்கு லைனைப் பிரிக்கும் பெட்டி) வரைதானா என்று கேளுங்கள். இரண்டாவது வகையில், கரண்ட் போனால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஓடும், கீழே ஸ்விட்ச் அணைந்துவிடலாம். விலையையும் கணக்குப் போடுங்கள்: விளம்பரத்து 799 ரூபாய்க்கு 18% ஜிஎஸ்டி சேர்ந்து 943 ஆகும்.