வாடகைக் கட்டிடத்தைக் கொண்டோவாக மாற்ற நகரசபை இலேசில் சம்மதிக்கக்கூடாது

ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் இருக்கிற பழைய வாடகைக் கட்டிடங்களைக் கொண்டோவாக, அதாவது ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக விற்கக்கூடிய கட்டிடமாக, மாற்றினால் குடியிருக்கிற சனமே வாங்கிச் சொந்தக்காரர் ஆகலாம்தானே என்று வீடு விற்கிற எங்கள் ஆட்கள் சிலர் சொல்லித் திரிகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

ரொறன்ரோவில் ஆறோ அதற்கு மேலோ வாடகை வீடுகள் உள்ள கட்டிடத்தை அப்படி மாற்ற நகரசபையின் அனுமதி வேண்டும். அது கிடைக்க, அங்குள்ள வாடகை எல்லாம் நடுத்தர அளவைத் தாண்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நகரில் வாடகை வீட்டுத் தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது என்று சபை நம்ப வேண்டும். அதற்குப் பார்க்கிற கணக்குகளில் ஒன்று, காலி வீடுகள் தொடர்ந்து நாலு வருடம் 3 வீதத்துக்குக் குறையாமல் இருந்ததா என்பது. இந்த விதி சும்மா வரவில்லை. 1986இல் ஒன்ராறியோ மாகாணம் கொண்டுவந்த வாடகை வீட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை 1998இல் எடுத்துவிட்டார்கள். பிறகு 2006இல் வந்த நகரச் சட்டம் அதிகாரம் கொடுத்து, 2007இல்தான் ரொறன்ரோ தனக்கென்று துணைவிதி போட்டது. 2022இல் அந்த அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் உரிமையை மாகாண அமைச்சர் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பயம் அங்கேதான்.

சரி, மாற்றிவிட்டார்கள் என்றே வைப்போம். கொண்டோவாகப் பதிவான நாளில் குடியிருந்தவரை, "எனக்கே வீடு வேணும்" என்று சொல்லி எழுப்ப முடியாது. வெளியாள் விலை பேசினால் அதே விலைக்கு வாங்கும் முதல் உரிமையும் அவருக்குத்தான். நல்ல சட்டம். ஆனால் வீட்டுக்காரர் அந்த விலையை ஏற்பதற்கு முன் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டிய அவகாசம் குறைந்தது 72 மணித்தியாலம். எங்கள் மாடியில் ஒரு மாமி இருக்கிறா. பென்ஷன் காசில் வாடகை, மருந்து, பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று எல்லாம் பார்க்கிறா. மூன்று நாளில் எந்த வங்கி அவவுக்கு மோட்கேஜ் கொடுக்கும்? கொடுத்தாலும் அறுபது, எழுபதுகளில் கட்டின கட்டிடம். பல்கனி, லிஃப்ட், நிலத்தடிப் பார்க்கிங் என்று திருத்த வேலை வரும்போது அந்தச் செலவிலும் பங்கு அவ தலையில்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல், மாமிக்குப் பிறகு வருகிறவர்களுக்கு. கம்பனிக்குச் சொந்தமான வாடகைக் கட்டிடத்தில், "என் மகன் குடிவரப் போகிறான்" என்று எவரும் உங்களை எழுப்ப முடியாது. ஏனென்றால் கம்பனிக்கு மகன் இல்லை. கொண்டோவில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு உரிமையாளர். பிறகு வாடகைக்கு வருகிறவரை, தானோ தன் பிள்ளையோ குடிவரப் போவதாகச் சொல்லி எழுப்ப, 60 நாள் நோட்டீசும் ஒரு மாத வாடகையும் கொடுத்தால் போதும். சட்டம் மாமியைக் காப்பாற்றுகிறது, அவ இருக்கிற வாடகை வீட்டைக் காப்பாற்றவில்லை. 1983க்குப் பிறகு அகதியாக வந்த எங்கள் சனம் ரொறன்ரோ நடுவில் இருக்கிற சென் ஜேம்ஸ் ரவுனில் கால் ஊன்றியது இப்படியான வாடகை மாடிகள் இருந்தபடியால்தான். இன்றைக்கு வந்திறங்குகிற பிள்ளைகள் பேஸ்மென்றில் கட்டிலுக்கு வாடகை கொடுக்கிறார்கள்.

உங்கள் கட்டிடத்தில் இப்படி ஒரு அறிவித்தல் ஒட்டினால் முதலில் கவுன்சிலர் அலுவலகத்துக்கு எடுத்துக் கேளுங்கள். சபைக் கூட்டத்தில் குடியிருப்பாளரும் பேசலாம், எழுதிக் கொடுக்கலாம். காசு தருகிறோம் என்று என்-11 படிவத்தை நீட்டினால் உடனே கையெழுத்து வைக்காதீர்கள். அது நீங்களாகவே வெளியேறச் சம்மதிக்கும் படிவம். பெற்றோர் தனியே இருக்கிற பிள்ளைகள் இன்றைக்கே அவர்களுக்கு இதை விளங்கப்படுத்துங்கள்.