தூக்கு கேட்பதற்கு முன்னால்

மகாராஷ்டிராவுக்குத் தனிச் சட்டம் போட்டு பாலியல் குற்றவாளிகளைத் தூக்கிலிட வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அதைத்தானே சக்தி மசோதா என்ற பெயரில் எழுதி 2021 டிசம்பரில் மகாராஷ்டிர சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள்? மத்தியச் சட்டத்தோடு மோதுவதால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், அது கிடைக்கவில்லை.

சரி, இப்போது தண்டனை என்ன குறைச்சலா? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், பிள்ளைக்கு 16 வயது ஆகவில்லை என்றால் 20. மும்பை சக்தி மில் கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் 2014-ல் மூன்று பேருக்குத் தூக்கு என்றார்கள்; 2021-ல் உயர் நீதிமன்றம் அதைச் சாகும்வரை சிறையாக மாற்றியது.

இங்கே தாராவியில் எனக்குத் தெரிந்த குடும்பத்தின் போக்சோ வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கிறது. கூடியவரை ஓராண்டில் முடிக்கச் சொல்கிறது சட்டம். பிள்ளையின் அம்மாவுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, வாய்தா. அரசு வக்கீல் மாறிவிட்டார், மறுபடி வாய்தா. போகிற நாளெல்லாம் கூலி போச்சு. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் சொந்தக்காரன் வேறு. இப்போதே “கேஸை வாபஸ் வாங்கு” என்று அந்த அம்மாவின் காலில் அவருடைய மாமியார் விழாத குறை. தூக்கு என்று தெரிந்தால் விடுவாரா?

அரசிடம் கேட்பதென்றால் முதலில் அந்தக் கோர்ட்டுக்கு நிரந்தரமாக ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.