போன மனுஷன் பேரில் தொங்கும் பூட்டு

"இந்தச் செயலைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்."

நேற்று சாயங்காலம் 4.10-லிருந்து ராத்திரி 9.30 வரைக்கும் எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் இந்த ரெண்டு வரிதான் என் கண் முன்னால் நின்றது. யாருய்யா அந்த நிர்வாகி? பேர் உண்டா? போன் நம்பர் உண்டா? எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்றாவது ஒரு வரி உண்டா? கதவைச் சாத்துகிறவனுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லவாவது வாய் வேண்டாமா?

மதுரைப் பக்கம் கப்பலூரில் ரப்பர் கம்பெனி, நான் பில்லிங். வாசலில் லாரி, லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டியாச்சு. ஓசூருக்குப் போகிற சரக்கு, 3,40,000 ரூபாய் பில். தமிழ்நாட்டுக்குள்ளேயே போனாலும் 1 லட்சத்தைத் தாண்டினால், சரக்கோடு போகவேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில் இல்லாமல் வண்டியை நகர்த்த முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முன்பெல்லாம் ஒவ்வொரு பில்லையும் அரசாங்க இ-வே பில் போர்ட்டலில் கையால் அடித்து, வருகிற 12 இலக்க எண்ணைத் திரும்ப இங்கே ஏற்றுவோம். அதற்குப் பிறகு ஆட்டோமேஷன் போட்டார்கள். நான் பில்லைச் சேமித்தால் மேனேஜருக்கு அப்ரூவல் போகும், அவர் ஓகே கொடுத்த மறு நொடி சாஃப்ட்வேரே பில்லை ஜிஎஸ்டி தளத்தில் பதிந்து இ-இன்வாய்ஸ் எடுத்து, இ-வே பில் எடுத்து, பிரிண்ட்டும் கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடு. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

அந்த மேனேஜர் முந்தாநாளோடு வேலையை விட்டுப் போனார். திடீரென்று ஓடிப்போகவில்லை. 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அத்தனை நாளும் ஒழுங்காக வந்து, கடைசி நாள் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன மனுஷன். லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள், பைக் சாவியை வாங்கிக்கொண்டார்கள், கம்பெனி போனை வாங்கிக்கொண்டார்கள், ஐடி கார்டுக்குக்கூட கையெழுத்து வாங்கினார்கள். அன்று ராத்திரியே அவருடைய லாகின்-ஐ மூடினார்கள். மூடியது சரிதான், மூடத்தான் வேண்டும். ஆனால் அந்த லாகினில் என்னென்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அந்த 60 நாளில் ஒருத்தராவது பார்த்தார்களா? பில்லிலிருந்து பிரிண்ட் வரை தானாக ஓடுகிற அந்த ஒர்க்ஃப்ளோவுக்கு ஓனர் அவர் ஒருத்தர்தான். அப்ரூவல் போகிற இடமும் அவர்தான். அது ஓடுவதே அவருடைய அனுமதியை வைத்துத்தான். ஐடி செத்தது, கூடவே அதுவும் செத்தது.

சரி, எனக்கு அனுமதி கேட்டு சாஃப்ட்வேர் சப்போர்ட்டுக்கு ஒரு டிக்கெட், அதாவது கோரிக்கை, போட்டேன். போட்டவுடன் பதில் வந்தது: "உங்கள் கோரிக்கை உங்கள் மேலாளரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டுள்ளது." எந்த மேலாளர்? அதே மேலாளர்! முந்தாநாள் அல்வா கொடுத்துவிட்டுப் போனவர்! அனுமதி கேட்கிற விண்ணப்பமும் ஒரு ஒர்க்ஃப்ளோ, அதற்கும் தலையாட்ட வேண்டியவர் அவர். மூடின ஐடிக்குள்ளே போய் என் விண்ணப்பம் உட்கார்ந்துவிட்டது. ரத்து செய்துவிட்டு வேறு ஆள் பேரைப் போடலாம் என்று பார்த்தேன். ரத்து செய்ய எனக்கு அனுமதி இல்லை. இன்னொரு டிக்கெட் போட்டேன். "இதே பொருளில் ஒரு கோரிக்கை நிலுவையில் உள்ளது" என்று திருப்பி அனுப்பிவிட்டது. சென்னையில் இருக்கிற சப்போர்ட்டுக்குப் போன் அடித்தேன். "டிக்கெட் அப்ரூவ் ஆகாம நாங்க தொட முடியாது மேடம்." அப்ரூவ் பண்ண ஆளே இல்லை தம்பி என்கிறேன். "அப்ப உங்க மேனேஜரைப் பேசச் சொல்லுங்க மேடம்." நாலு தடவை நாலு பேர், நாலு பேரும் அதே வாக்கியம்.

நேராகப் போர்ட்டலுக்கே போய்க் கையால் போடவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனேன். 2025 ஏப்ரலில் இருந்து எல்லாருக்குமே அங்கே ஓடிபி கட்டாயம். அரசாங்கப் போர்ட்டலிலேயே சப்-யூசர் வசதி இருக்கிறது, யாருக்கு இ-வே பில் போட உரிமை, யாருக்கு நிராகரிக்க உரிமை என்று பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாம். எங்கள் கம்பெனியில் உருவாக்கின சப்-யூசர் ஒரே ஒருத்தர். யார் என்று சொல்லவேண்டுமா? அவருடைய ஓடிபி கம்பெனி போனுக்கு வரும். கம்பெனி போன் எங்கே? எச்ஆர் மேசை டிராயருக்குள். டிராயர் பூட்டியிருக்கிறது, எச்ஆர் 5 மணிக்கே கிளம்பியாச்சு. நான் இங்கே லாகின் அழுத்துகிறேன், அங்கே டிராயருக்குள் 'டிங்' என்று சத்தம் கேட்கிறது. திரும்ப அழுத்துகிறேன், திரும்ப 'டிங்'. ஒரு சாண் மரப்பலகைக்கு அந்தப் பக்கம் எனக்கு வேண்டிய ஆறு எண்கள். அந்த டிராயரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி பெயரில் மெயின் லாகின் இருக்கிறது. அவர் குடும்பத்தோடு பழநிக்குப் போயிருந்தார். மலைமேல் செல்போனுக்குத் தடை, கீழே காரில் வைத்துவிட்டு ஏறிவிட்டார். எட்டரை மணிக்குக் கீழே வந்து என் இருபத்திரண்டு மிஸ்டு காலைப் பார்த்துக் கூப்பிட்டார். மெயின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. அதையும் மேனேஜர்தான் போட்டு வைத்திருந்தார்.

இதற்கு நடுவில் வாசலில் டிரைவர் அண்ணன். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஓசூரில் காலை 6-லிருந்து 8-க்குள் லோடு இறக்கவேண்டும், தவறினால் மறுநாள்தான். சுமார் 400 கிலோமீட்டர். சாயங்காலம் கிளம்பினால் நடுவில் எங்காவது ஓரம்கட்டி ரெண்டு மூணு மணி நேரம் கண்ணயரலாம் என்று அவர் கணக்கு. "ஏம்மா, ஆயிருச்சா?" "அஞ்சு நிமிசம்ணே." அரை மணிக்கு ஒருதரம் வந்து கேட்டார், ஒருதரமும் சத்தம் போடவில்லை. ஏழு மணிக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியில் இருந்த எலுமிச்சை சாதத்தைத் தின்றார். அது வழியில் தின்னக் கொண்டுவந்தது. "கடைசில நான்தான் தூங்காம ஓட்டணும்மா" என்று மட்டும் சொன்னார். லாரி காத்துக்கிடந்ததற்கான ஹால்டிங் காசைக் கம்பெனி கொடுக்கும், கொடுக்காமலும் போகும். அவருடைய தூக்கத்தை யார் கொடுப்பது? விடிகாலை நாலு மணிக்கு நாலுவழிச் சாலையில் அவர் கண் சொக்கினால் அந்த நிர்வாகி எந்த டிக்கெட்டில் பதில் சொல்வார்?

முதலாளி சென்னைக்குப் போன் போட்டுக் கத்தினார். 9.25-க்கு சப்போர்ட் தம்பி கூப்பிட்டான். நாலரை மணியிலிருந்து "தொட முடியாது" என்றவன் இப்போது என்ன செய்தான் தெரியுமா? "உங்களை அட்மின் ஆக்கிட்டேன் மேடம், நீங்களே பாத்துக்கங்க." ஓனர் பேரை மாற்றினேன், பட்டனை அழுத்தினேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பில் வந்துவிட்டது.

எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே வயிறு எரிந்தது. ஒரு பில்லை அனுப்ப அனுமதி இல்லாதவளுக்கு அஞ்சு மணி நேரத்தில் மொத்த வீட்டுச் சாவியும்! இப்போது நான் எல்லாருடைய சம்பளத்தையும் பார்க்கலாம். சப்ளையரின் பேங்க் அக்கவுண்ட் நம்பரை மாற்றலாம். நானே பில் போட்டு நானே அப்ரூவ் பண்ணலாம். எழுதுகிற கை வேறு, சரிபார்க்கிற கை வேறு என்பது கணக்குப்பிள்ளை காலத்துப் பாடம். அதை ஒரே போனில் தூக்கிப் போட்டுவிட்டான். "வேலை முடிஞ்சது தம்பி, இதை எடுத்துருங்க" என்றேன். "இருக்கட்டும் மேடம், மறுபடியும் கேப்பீங்க." இன்று காலையில் வந்து பார்க்கிறேன், இன்னும் அட்மின்தான். நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் யார் கழுத்தில் கத்தி வரும்? கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவு கட்டாயம், அதை அணைக்கவும் கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதியே இருக்கிறது. அந்தப் பதிவில் என் பெயர் அட்மின் என்று நிற்கிறது. நான் கேட்டது ஒரே ஒரு பட்டன்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டிய வித்தை இல்லை. ஒருத்தருக்கு அவர் வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அதிகாரம் மட்டும் கொடு என்று கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் சால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள், எம்சிஏ-வில் எங்களுக்கே பாடம். ஆளுக்குக் கொடுக்காதே, பொறுப்புக்குக் கொடு, அந்தப் பொறுப்பில் ஆளை வை என்று 1992-ல் அதே துறையில் ஃபெராயோலோவும் கூனும் வழிகாட்டிவிட்டார்கள். சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்ச் என்று ஒரு ரோல், அதில் ரெண்டு பேர். ஒருத்தர் போனால் இன்னொருத்தர். ஓட்டுகிறவர் யார், திருத்துகிறவர் யார், அது யாருடைய அனுமதியில் ஓடுகிறது என்ற மூன்று கேள்விக்கும் தனித்தனியாக ஒரு பதில். ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. மதுரையில் இருந்துகொண்டு இது தெரியாதா? சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், செங்கோல் அவள் கையில். ஆவணியில் சுந்தரேசருக்குப் பட்டாபிஷேகம், செங்கோல் அவர் கைக்குப் போகிறது. செங்கோலைப் பூட்டி வைத்துவிட்டு அம்மனை அனுப்புவதில்லை. நாள் குறித்து, ஊர் பார்க்க, கையிலிருந்து கைக்கு மாற்றுகிறார்கள். ஒரு மேனேஜர் போகிற அன்றைக்கு அதைச் செய்ய எத்தனை நேரம் ஆகிவிடும்?

9.50-க்கு லாரி கிளம்பியது. டிரைவர் அண்ணன் கை காட்டிவிட்டுப் போனார், எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் ஏழே முக்காலுக்கு "வந்துட்டேம்மா" என்று போன் வந்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கியது.

அப்புறம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஸ்டாப்பில் நான் ஒருத்திதான். பெரியார் பஸ் ஸ்டாண்டு போகிற டவுன் பஸ் வந்தது, கை காட்டினேன், உள்ளே பாதி சீட் காலி. டிரைவர் என்னைப் பார்த்தார், நன்றாகப் பார்த்தார், பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டிப் போய்விட்டார். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதற்காக, தனியாக நிற்கிற பெண்ணை ராத்திரி பத்து மணிக்கு ரோட்டில் விட்டுவிட்டுப் போவீர்களா? உங்கள் வீட்டில் யாரும் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதே இல்லையா?