‘கேஸ் இல்லை’ என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பணம்

மூன்று கோடைகளில் நான்கு முறை என் வீட்டு ஏசிக்கு கேஸ் நிரப்பப்பட்டிருக்கிறது. நான்கு முறையும் வந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். சொன்ன சொல் மட்டும் ஒன்றுதான். “கேஸ் கம்மியா இருக்கு மேடம், ஃபில் பண்ணிட்டா சரியாயிடும்.” ஒவ்வொரு முறையும் நம்பினேன், ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்தேன், ஒவ்வொரு முறையும் இரண்டே மாதத்தில் அறை பழைய புழுக்கத்துக்குத் திரும்பியது. இந்த ஆண்டு கத்திரி வெயிலின் நடுவில், 78 வயதான என் மாமனார் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையிலேயே நனைந்த பனியனைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஈரத்துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்றோடு என் பொறுமை தீர்ந்துபோனது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏசிக்குள் இருக்கும் வாயு, ஸ்கூட்டரில் ஊற்றும் பெட்ரோலைப் போல ஓடி ஓடித் தீர்ந்துபோகும் பொருள் அன்று. மூடிய செப்புக் குழாய்களுக்குள் அதே வாயுதான் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கசிவு இல்லாவிட்டால் பத்து ஆண்டுகளானாலும் அது குறைய வேண்டிய அவசியமே இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள்: பெரும்பாலும் குழாயை இணைக்கும் நட்டில், அல்லது எங்களைப் போலக் கடற்கரைக்கு அருகில் குடியிருப்பவர்கள் வீட்டில் உப்புக்காற்று அரித்த காயிலில், அதாவது வாயு ஓடும் சுருள்குழாயில். அந்தக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றிச் சோதித்து, வேக்குவம் பம்பு வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகு, வெளி யூனிட்டின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை கிராமைத் தராசில் நிறுத்து உள்ளே விட வேண்டும். என் வீட்டுக்கு வந்த நான்கு பேரில் ஒருவர்கூடத் தராசு கொண்டுவரவில்லை. ஒருவர்கூடச் சோப்புநீர் தடவிக் கசிவு தேடவில்லை. அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டினார்கள், முள்ளைப் பார்த்தார்கள், சிலிண்டரைத் திறந்தார்கள், மூடினார்கள். இருபது நிமிட வேலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

கடைசியில் எங்கள் அடுக்ககத்தின் முதல் மாடியில் இருப்பவரின் உறவினர் ஒருவரை அழைத்தோம். குளிர்பதனக் கிடங்கில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேஜைக் கையில் எடுக்கவே இல்லை. ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் காற்று வரும் வாயில் பிடித்தார். அது சோம்பலாக ஆடியதே தவிர எழும்பவில்லை. முன்மூடியைத் திறந்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நானே ஃபில்ட்டரைக் கழுவுவதால் அது சுத்தமாகத்தான் இருந்தது. “இது இல்லம்மா, இதுக்குப் பின்னாடி பாருங்க” என்று டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினார். காற்றைத் தள்ளும் உருளையின் ஒவ்வொரு இதழுக்கு இடையிலும் கறுப்புக் கம்பளித் துணியைக் கிழித்துத் திணித்தது போல அழுக்கு அப்பியிருந்தது. பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்றை விட்டு அவர் சுரண்டியபோது, ஈரமும் தூசியும் பூஞ்சையும் கலந்த அந்த அழுக்கு பட்டையாக உரிந்து தரையில் விழுந்தது. மூன்று ஆண்டுகளாக என் மாமனார் மூச்சில் இழுத்த காற்று அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.

அதன் பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. காயிலின் மேல் போதிய காற்று ஓடாவிட்டால் உள்ளே வாயு சரியாக ஆவியாகாது. காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, சில இடங்களில் பனிக்கட்டிகூடப் படியும். வாயுவை அழுத்தும் கம்ப்ரஸர் அதை உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தமும் இறங்கிவிடும். கேஜில் முள் தாழ்ந்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் நான்கு பேரும் ‘கேஸ் கம்மி’ என்று சொல்லியிருக்கிறார்கள். அடைத்துக்கொண்டிருந்தது காற்றின் வழி. அவர்கள் ஏற்றியது வாயு. மறுநாள் அவருடைய பழைய சீடர் ஒருவர் கருவியும் தராசும் கொண்டுவந்து, உள்ளே இருந்த வாயு முழுவதையும் வெளியே எடுத்து நிறுத்தார். தகட்டில் எழுதியிருந்தது 780 கிராம். தராசு காட்டியது 1,040 கிராம். கசிவே இல்லாத இயந்திரத்துக்குள், தேவைக்கு மேல் 260 கிராமைத் திணித்து, அதற்கு என்னிடமே பணமும் வாங்கியிருக்கிறார்கள். அளவுக்கு மீறிய வாயுவை அழுத்திக்கொண்டே கம்ப்ரஸர் கூடுதல் மின்சாரத்தை இழுத்திருக்கிறது. அதற்கும் நானேதான் கட்டணம் கட்டியிருக்கிறேன்.

இது அறியாமையா, ஏமாற்றா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு ஆத்திரம் குறையவில்லை. உருளையைக் கழற்றிக் கழுவ இரண்டு மணி நேரமாகும், உடைகள் நனையும், அதற்குக் கூலி குறைவு. சிலிண்டரைத் திறந்து மூடுவதற்கோ கூலி அதிகம். நல்ல தொழிலாளிக்கு உரிய கூலியைக் கொடுக்காமல் ‘ஃப்ரீ சர்வீஸ்’ என்று ஆசை காட்டி, கேஸ் நிரப்பிய எண்ணிக்கைக்கு ஏற்பக் கமிஷன் கொடுக்கிற முறை இருக்கும் வரை எந்தப் பையனும் பிரஷைக் கையில் எடுக்கமாட்டான்.

சென்னையில் இது சிறிய தவறு அன்று. ஏனென்றால் இங்கே ஏசிக்கு வேலை இரண்டு. காற்றைக் குளிர்விப்பது ஒன்று, காற்றில் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுவது இன்னொன்று. பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்ததும் வெயிலின் உக்கிரம் தணிவதை உணர்கிறோம். ஆனால் ஈரப்பதம் ஏறிவிடுகிறது. இரவு முழுவதும் நம்மைப் படுத்துவது அந்த ஈரம்தான். காற்றில் உள்ள நீராவியை ஒரு லிட்டர் தண்ணீராக்குவதற்கு ஏறத்தாழ 0.68 கிலோவாட் மணி அளவு வெப்பத்தை ஏசி எடுத்தாக வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் நீர் வடிகிறதென்றால், 1.5 டன் ஏசியின் (டன் என்பது குளிர்விக்கும் திறனின் அளவு) திறனில் 0.2 டன்னுக்குச் சற்றுக் குறைவான பங்கு அதற்கே போய்விடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சன்னல் இடுக்கு, பாத்ரூம் எக்ஸாஸ்ட் துளை, கதவின் அடி இடைவெளி ஆகியவற்றின் வழியாக அறையின் காற்று மணிக்கு ஒன்றரை முறை மாறினாலே, அரை லிட்டருக்கு மேல் புதிய ஈரம் உள்ளே வந்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் துணிகளை அந்த அறையிலேயே உலர்த்தினால் அதுவும் சேரும். இந்தக் கணக்கை எந்தக் கடைக்காரராவது ஒருநாளாவது சொல்லியிருக்கிறாரா?

கடைக்காரர் சொல்வதெல்லாம் “ரெண்டு டன் போட்டுடுங்க, சீக்கிரம் சில்லுனு ஆயிடும்” என்பதுதான். அறைக்கு மீறிய பெரிய இயந்திரம் காற்றைச் சீக்கிரமாகக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்கும் அளவுக்கு அது ஓடுவதே இல்லை. கம்ப்ரஸர் நின்ற பிறகும் உள் விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் காயிலில் ஒட்டியிருந்த நீர் மறுபடியும் ஆவியாகி அறைக்கே திரும்பும். குளிரும் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும். அந்தப் பிசுபிசுப்பு போகாததால்தான் மக்கள் ரிமோட்டை 18க்கு இறக்குகிறார்கள். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள், நல்ல விதிதான். ஆனால் ஈரம் வெளியேறாத அறையில் 24 டிகிரியும் புழுங்கும். ஈரம் வெளியேறிய அறையில் மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் 26 டிகிரியிலேயே போர்வை தேட வேண்டியிருக்கும்.

நட்சத்திரக் குறியீட்டின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அந்த வில்லையில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்செலவு, ஆண்டுக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்குக் கணக்கிடப்பட்டது. மார்ச் முதல் அக்டோபர் வரை இரவில் எட்டு மணி நேரம் ஓட்டினாலே சென்னையில் அது 1,900 மணி நேரத்தைத் தாண்டிவிடும். சோதனைச்சாலையில் அறையின் ஈரப்பதத்தைப் பாதிக்கும் குறைவாக வைத்தே அளக்கிறார்கள். எங்கள் ஊர்ப் படுக்கையறை எந்த மே மாதத்தில் அப்படி இருந்திருக்கிறது?

அடுத்தது கட்டுநர். எங்கள் அடுக்ககத்தில் எல்லா வீட்டு வெளி யூனிட்டுகளையும் ஒரே குறுகிய சந்துக்குள், ஒன்றன்மேல் ஒன்றாக, முகப்பு அழகு கெடக் கூடாதென்று கிரில் போட்டு மறைத்து வைக்கச் செய்திருக்கிறார். கீழ்வீட்டு யூனிட் தள்ளும் வெப்பக்காற்றை மேல்வீட்டு யூனிட் உறிஞ்சுகிறது. இரவு பத்து மணிக்குத் தெருவில் 31 டிகிரி இருந்தபோது, அந்தச் சந்தில் என் யூனிட்டின் பின்புறம் நான் வைத்த வெப்பமானி 43 காட்டியது. ஏசியின் திறனை அளப்பது வெளியே 35 டிகிரி இருக்கும்போது. அதற்கு மேல் ஏற ஏறக் குளிர்விக்கும் திறன் குறையும், மின்சாரம் கூடும். யூனிட்டை மொட்டைமாடிச் சுவருக்கு மாற்றிக்கொள்கிறேன், செலவு என்னுடையது என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்தேன். முகப்புத் தோற்றம் கெடும் என்று மறுத்துவிட்டார்கள். கிரில்லையாவது கழற்றுங்கள் என்றேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. கழுவுகிறேன் என்று வந்த ஒருவர் போர்வெல் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுப் போனதில், உப்பு படிந்து அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்து, தொட்டால் உதிர்கின்றன.

இத்தனையும் வந்து நிற்பது மின்கட்டணத்தில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் தமிழ்நாட்டில் 500 யூனிட் என்பது ஒரு கோடு. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முன்பு சலுகை விலையில் கிடைத்த யூனிட்டுகளும் உயர்ந்த விலைக்கு மாறிவிடுகின்றன. அடைத்த உருளை, திணித்த வாயு, வெந்த சந்து ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் இரவுக்கு இரண்டு யூனிட் கூடுதலாக இழுத்தாலே 60 நாட்களில் 120 யூனிட் ஆகிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கு அதுவே போதும். மூன்று கோடைகளாக நாங்கள் தாண்டியபடியேதான் இருந்தோம்.

உருளையைக் கழற்றிக் கழுவி, வாயுவை 780 கிராமுக்குக் கொண்டுவந்து, சன்னல் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டிய அன்றிரவு, வடிகுழாயின் அடியில் வாளி வைத்தேன். காலையில் ஒன்பது லிட்டருக்கு மேல் நீர் இருந்தது. மாமனார் போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டு ஆறரை மணி வரை தூங்கினார்.

கடைசியாக கேஸ் நிரப்பிய நிறுவனத்தை அழைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கேஸுக்கு 30 நாள்தான் உத்தரவாதம் என்றார்கள். எத்தனை கிராம் நிரப்பினீர்கள் என்று கேட்டேன். அப்படியெல்லாம் எழுதும் வழக்கம் இல்லையாம். அரிசிக்கடையில் கால் கிலோவுக்குத் தராசு இருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாயுவுக்குத் தராசு இல்லை. தகட்டில் உள்ள எடை, வெளியே எடுத்த எடை, உள்ளே விட்ட எடை ஆகிய மூன்றும் எழுதாத ரசீதுக்கு இனி என் வீட்டிலிருந்து ஒரு ரூபாயும் போகாது.