அம்மா எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்?

பங்குனி மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தபோது அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். மருத்துவக் காப்புறுதிக்கு மாதாமாதம் 1,850 ரூபாய் கழித்தவர்கள் இந்த முறை 4,300 ரூபாய் கழித்திருந்தார்கள். கழித்து நான்கு நாட்களுக்குப் பிறகு, அப்படிக் கழிக்க நான் சம்மதிக்கிறேன் என்று ஒரு படிவம் வருகிறது, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். எடுத்த பிறகு கேட்பதற்குப் பெயர் சம்மதமா?

பதறிக்கொண்டு கொழும்புத் தலைமையகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊழியர் பிரிவில் இருக்கும் அண்ணா நல்லவர், பத்து வருடப் பழக்கம். “தங்கச்சி, காப்புறுதிக் கம்பனி கட்டணத்தைக் கூட்டிவிட்டது. நாங்கள் என்ன செய்வது? அதோடு இந்த ஆண்டிலிருந்து பெற்றோரை எடுத்துவிட்டோம். குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் மட்டும்தான்” என்றார்.

எனக்குத் திருமணமாகவில்லை. கொக்குவிலில் எங்கள் வீட்டில் நானும் 68 வயது அம்மாவும் இருக்கிறோம். அவருக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. நான் இந்தக் காப்புறுதியில் ஒட்டிக்கொண்டிருந்ததே அவருக்காகத்தான். இப்போது இரண்டு மடங்குக்கும் மேலாகப் பணத்தைக் கழித்துக்கொண்டு, அம்மா உன் குடும்பம் இல்லை என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் எல்லோரும் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, ஊரில் நின்ற ஒரு பிள்ளை பெற்றோரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது? அந்தப் பிள்ளையின் வீட்டைக் குடும்பம் இல்லை என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

தொகையையும் கேளுங்கள். வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றால் ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் வரை தருவார்கள். இந்த உச்ச வரம்பு 2019இல் வைத்தது. அதற்குப் பிறகு இந்த நாட்டுக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாதா? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. ஏப்ரல் இறுதியில் 60 வகை மருந்துகளின் விலையை 40 வீதம் உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டு 16 வீதம் குறைத்தார்கள்தான், ஆனால் ஏறிய அளவுக்கு இறங்கவில்லை. மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. பரிசோதனைக் கருவி, ஊசி, ஸ்கேன் எல்லாமே டொலரோடு சேர்ந்து ஏறின. கட்டணத்தைக் கூட்டும்போது இந்தக் காரணங்களைத்தான் சொல்கிறார்கள். அதே காரணங்களுக்காக எங்களுக்குத் தரும் தொகையையும் கூட்ட வேண்டாமா? விலைவாசி அவர்களுக்கு மட்டுமா ஏறியது?

வெளிநோயாளர் செலவுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். என்னிடம் கழிப்பது ஆண்டுக்கு 51,600 ரூபாய்.

“அரச ஆஸ்பத்திரி இலவசம்தானே, பிறகேன் புலம்பல்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அம்மா போதனா வைத்தியசாலை கிளினிக்குக்குத்தான் போகிறார். விடியற்காலையில் கிளினிக் கொப்பியோடு போய் வரிசையில் இருந்துவிட்டு மத்தியானம் வருவார். அங்கே வேலை செய்யும் வைத்தியர்களையும் தாதியரையும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போன பின்பும் அந்த வைத்தியசாலையைத் தாங்கி நிற்பவர்கள் அவர்கள். ஆனால் மருந்து இல்லாத நாளில் துண்டு எழுதி வெளியில் வாங்கச் சொல்வதைத் தவிர அவர்களால் என்ன செய்ய முடியும்? போன மாதம் துண்டோடு பார்மசிக்குப் போய்விட்டு வந்த அம்மா கேட்டார்: “பிள்ளை, இந்தக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தால் காணாதா?” இரவு முழுவதும் எனக்கு நித்திரை இல்லை.

இதையெல்லாம் விட என்னைக் கொதிக்க வைத்தது அந்தப் படிவத்தோடு வந்த கடிதம். கடந்த ஆண்டு ஊழியர்கள் அதிகமாகக் காப்புறுதிப் பணம் கோரியதால்தான் கட்டணம் ஏறியது என்று அதில் எழுதியிருக்கிறது. இந்தக் குழுக் காப்புறுதியை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். முந்தைய ஆண்டில் எவ்வளவு கொடுத்தோம் என்று பார்த்து அடுத்த ஆண்டுக் கட்டணத்தை வைப்பார்கள். கணக்கு எனக்கு விளங்குகிறது. ஆனால் நாங்கள் விரும்பியா நோயில் விழுந்தோம்? மார்கழி மழை ஓய்ந்தால் இங்கே டெங்கு வரும். எங்கள் கிளையில் மட்டும் மூன்று பேர் படுத்தார்கள். கொழும்பில் அட்டையைக் காட்டினால் போதும், வைத்தியசாலைக்குக் காப்புறுதிக் கம்பனியே கட்டிவிடும். இங்கே நாங்கள் முதலில் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். கூட வேலை செய்யும் ஒருவர் மகனுக்காக மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 1,40,000 ரூபாய் கட்டினார். இரண்டு மாதம் கழித்து வந்தது 96,000 ரூபாய். மீதிக்கு ஏதோ விதி சொன்னார்கள். அடகு வட்டியை யார் தந்தார்கள்? அந்த மனிதரைத்தான் கட்டணம் ஏறக் காரணம் என்று அந்தக் கடிதம் சொல்கிறது.

ஊழியர் சேமலாப நிதிக்கு என் சம்பளத்தில் 8 வீதம் என்றால் முதலாளி 12 வீதம் போட்டே ஆக வேண்டும், சட்டம் இருக்கிறது. நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதற்கும் சட்டம் இருக்கிறது. தனியார் ஊழியரின் மருத்துவக் காப்புறுதிக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் 2021 வரை கம்பனி முழுதாகக் கட்டியது பாதியானது. இப்போது பாதியும் தேய்கிறது. “இது சலுகை தங்கச்சி, உரிமை இல்லை” என்று அந்த அண்ணா சொன்னார். என் சம்பளத்திலிருந்து 4,300 ரூபாயை எடுத்துக்கொண்டு, அதை எனக்குத் தரும் சலுகை என்று எவரும் சொல்லக் கூடாது. இந்த வேலையில் சேர்ந்தபோது சம்பளம் குறைவு என்று தயங்கிய என்னிடம், மருத்துவச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அது என் உழைப்புக்குப் பேசிய கூலியின் ஒரு பகுதி.

படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதன் பின்பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறேன். கட்டணம் மொத்தம் எவ்வளவு, அதில் கம்பனியின் பங்கு எவ்வளவு? வட மாகாணக் கிளைகளுக்குப் போன ஆண்டு திருப்பிக் கிடைத்தது எவ்வளவு? பெற்றோரை நீக்க முடிவெடுத்தவர்கள் எங்களில் யாரைக் கேட்டார்கள்? கிளையில் இருக்கும் பதினொரு பேரில் ஏழு பேர் கீழே பெயர் எழுதிவிட்டார்கள். திங்கட்கிழமைத் தபாலில் போகிறது.