பாஸ் கூலி ஆகாது

பெங்களூரு ராக் கச்சேரியில் நான் எடுத்த புகைப்படத்தைப் பற்றிய பஞ்சாயத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படத்தின் ஓரத்தில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, ஏற்பாட்டாளர்கள் அதைத் தங்கள் பக்கத்தில் போட்டார்கள். கேட்டதற்கு வந்த பதில்: "பாஸ் கொடுத்தோமே, இன்னும் என்ன வேண்டும்?" அதற்குக் கைதட்டல்கள் வேறு. ஆகவே பொறுமையாகவே சொல்கிறேன்: பாஸ் கூலி ஆகாது.

பாஸ் என்பது படமெடுப்பவர் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஸ்டிக்கர். அதை வைத்துக்கொண்டு மேடைக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவில் இருக்கும் சந்தில் முதல் மூன்று பாட்டுக்கு நிற்கலாம். ஃபிளாஷ் கூடாது. பெரிய ராக் கச்சேரிகளில் உலகம் முழுக்க ஏறக்குறைய இதுதான் வழக்கம். அன்று முதல் பாட்டு முழுக்கச் சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சத்தில் மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும், படத்தில் எதுவும் தேறாது. இரண்டாவது பாட்டில் புகை. முழங்கால் உயரத்தில் வரிசையாக சப்வூஃபர்கள் என்ற கனத்த ஒலிபெருக்கிகள், நெஞ்சுக்கூடு அதிர்கிறது. பாடகரின் வாயை மைக் மறைக்கிறது. அவர் முகத்தை விலக்கும் அரை நொடிக்காக, கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400இல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றாவது பாட்டு முடிந்ததும் காவலாளி தோளைத் தட்டி வெளியே அனுப்பிவிடுவார். தீப்பிழம்பு, வாணவேடிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான். அவற்றை நான் மைதானச் சுவருக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்து காதால் கண்டு களித்தேன். இதைத்தான் "இலவசக் கச்சேரி" என்கிறார் ஒரு நண்பர். ரயில் கட்டணம் என்னுடையது. தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் 70-200 லென்ஸின் வாடகையும் என்னுடையது.

"மைதானத்தில் எல்லோரிடமும் கைபேசி இருக்கிறதே, நீங்கள் எதற்கு?" நல்ல கேள்வி. அந்தக் கைபேசிப் படங்களில் ஒன்றைப் போட்டிருக்கலாமே? என் படம் வேண்டுமாம், நான் வேண்டாமாம்.

"ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டீர்களே?" போட்டேன். கச்சேரி தொடங்கப் போகும் நேரத்தில் வாயிலில் வைத்து நீட்டினால் வேறு என்ன செய்வது? பெயரை வெட்டலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இருந்தாலும்தான் என்ன? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், "இதைப் படைத்தவன் நான்" என்று கோரும் உரிமை படைத்தவனிடமே இருக்கிறது. 2015இல் ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் புகைப்பட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்த கனடாவின் கியூபெக் நகர நாளிதழான லெ சொலேய், கேமராக்காரருக்குப் பதிலாக ஓர் ஓவியரைக் கச்சேரிக்கு அனுப்பியது. அங்கே படமெடுப்பவருக்குப் பின்னால் ஒரு பத்திரிகையே நின்றது. எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், லென்ஸ் கடைக்காரரா?

வயிற்றுப்பாட்டுக்கு நான் எடுப்பது கல்யாணப் படங்கள். அங்கும் பாக்கியை இழுத்தடிப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் பெண்ணின் அப்பாவும் "தாலி கட்டுவதை முன்னால் நின்று பார்த்தீர்களே, பணம் எதற்கு?" என்று கேட்டதில்லை. கடைசிப் பந்தி நடக்கும்போது யாராவது ஒரு பெரியம்மா, "என்ன தம்பி, நீ இன்னும் சாப்பிடவில்லையா?" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் இலை முன்னால் உட்கார வைப்பார். கச்சேரியில் அந்தச் சந்தில் நிற்கும்போது ஒரு வாய் தண்ணீர் கேட்டதற்குக் காவலாளி என் ஸ்டிக்கரைத்தான் பார்த்தார்.

பாஸ் கூலி ஆகாது என்று ஆரம்பித்தேன். இப்போது கூலியைக்கூட விட்டுத்தொலைக்கலாம் என்று தோன்றுகிறது. அந்தப் படத்துக்குக் கீழே முகம் தெரியாத ஒரு பெண், "அருமை, யார் எடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவர்கள் போட்டிருக்கும் பதில்: "எங்கள் குழு." எந்தக் குழு ஐயா? மூன்றாவது பாட்டு முடிந்த கையோடு "கிளம்பு, கிளம்பு" என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளிய குழுவா?

இதையெல்லாம் பொதுவெளியில் பேசினால் அடுத்த வாய்ப்பு போய்விடும் என்று அறிவுரை சொன்ன அன்பர்களுக்கு நன்றி. உங்களில் இரண்டொருவர் அதே கையோடு என் உள்பெட்டிக்கும் வந்து, அடுத்த கச்சேரிக்கு ஒரு பாஸ் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்பாட்டாளர்களின் பக்கத்திலேயே போய்க் கேளுங்கள். குழு பதில் சொல்லும்.