ஃபிராங்க் பூல் திரும்பி வந்துவிட்டான்

நேற்று இரவு ஒரு மணிக்குத்தான் '3001' முடித்தேன். ஆர்தர் சி. கிளார்க்கின் ஒடிசி என்ற விண்வெளி நாவல் வரிசையில் நாலாவது, கடைசிப் புத்தகம். 1997ல் வந்தது என்றாலும் என் கைக்கு இப்போதுதான் கிடைத்தது. கொழும்பில் இருக்கும் மச்சான் பழைய புத்தகக் கடையில் கண்டு வாங்கி, இரவு ரயிலில் வந்தபோது கொண்டுவந்து தந்தான். சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

வரிசையின் முதல் புத்தகமான '2001'ஐப் பள்ளிக்கூட வயதில் குப்பி விளக்கில் படித்தேன். அதில் ஃபிராங்க் பூல் என்ற விண்வெளி வீரன் விண்கப்பலுக்கு வெளியே வேலை செய்யும்போது, கப்பலின் ஹால் என்ற கணினி அவனைக் கொன்றுவிடும். உடல் அப்படியே இருட்டுக்குள் மிதந்து போய்விடும். அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் முற்றத்தில் இருந்தேன். கடலுக்குப் போய்க் கரை திரும்பாதவர்களின் வீடுகள் எங்கள் தெருவிலும் இருந்தன. உடல் கிடைக்காத வீட்டில் வாசல் கதவை இரவில் பூட்டவே மாட்டார்கள்.

'3001'இன் தொடக்கமே பூல்தான். ஆயிரம் வருடம் கழித்து, நெப்டியூனுக்கு அப்பால் வால்வெள்ளி பிடிக்கப் போன கப்பல் ஒன்று அவனைக் கண்டெடுக்கிறது. உறைந்து கிடந்தவனுக்கு உயிர் வருகிறது! அந்தப் பக்கங்களை இரண்டு தரம் படித்தேன்.

பிறகு வருவதெல்லாம் அவனுடைய திகைப்பு. 36,000 கிலோமீற்றர் உயரக் கோபுரத்தில் வாழ்க்கை. மூளையோடு பேசும் தொப்பியை மாட்டுவதற்காக எல்லோருக்கும் மொட்டைத் தலை. எடை குறைந்த இடத்தில் அவன் இறக்கை கட்டிப் பறக்கப் பழகுகிறான். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நாலு புத்தகமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. முதல் நாவலில் கப்பல் சனிக்கோளுக்குப் போகும். 1982ல் வந்த இரண்டாவதிலோ அது போன இடம் வியாழன் என்று இருக்கும். இடையில், 1979ல், வொயேஜர் விண்கலங்கள் வியாழனின் நிலா யூரோப்பாவின் பனிப்பரப்பைக் காட்டிவிட்டன. கதையும் அந்தப் பனிக்குக் கீழே போனது. மூன்றாவது புத்தகத்தின் முன்னுரையில், இவை ஒரே கருவின் வேறு வேறு வடிவங்கள், எல்லாம் ஒரே பிரபஞ்சத்தில் நடக்க வேண்டியதில்லை என்று கிளார்க்கே எழுதிவிட்டார். எனக்கு அது சரி. வானம் பற்றிப் புதிதாக ஒன்று தெரிய வந்தால், பழைய கதையைக் காப்பாற்ற அதை மறைக்காத எழுத்தாளர் அவர். ஆனால் '3001'இன் முடிவில் அவசரம் தெரிகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். இன்னும் நூறு பக்கம் எழுதியிருக்கலாம்.

அப்புறம், அவர் நமக்கு அந்நியரும் இல்லை. 1956ல் இலங்கைக்கு வந்து, 2008ல் கண்மூடும்வரை இங்கேயே இருந்தவர். நம் திருகோணமலைச் சுவாமி மலையின் அடிக்கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோவிலின் கற்களைக் கண்ணால் பார்த்து எழுதியவர். இன்று காலை டச்சு பே பக்கம் நடந்தபோது அந்த மலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

திருகோணமலையில் யாருக்காவது புத்தகம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், தருகிறேன். ஆனால் முதல் புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள். பூலைத் தொலைத்திருந்தால்தான் அவன் கண் திறக்கும்போது உங்களுக்கும் நெஞ்சு அடைக்கும்.